ஒன்ராறியோ பராமரிப்பு இல்லத்தில் அம்மாவின் குளிப்பு: எதைக் கேட்கலாம், எப்படிக் கேட்பது

கேள்வி: ஸ்காபரோவில் நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்தில் அம்மா இருக்கிறார். வயது 84, யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர், மறதிநோய் நடுத்தரக் கட்டம். திங்களும் வியாழனும் பின்னேரம் ஷவர். ஷவர் அறைக்குள் போனதும் கத்துகிறார், பிஎஸ்டபிள்யூவின் (குளிப்பாட்டி, உடுப்பு மாற்றிவிடும் பராமரிப்பு ஊழியரின்) கையைத் தட்டிவிடுகிறார். பதிவில் "மறுத்தார்" என்று எழுதிவிடுகிறார்கள். நாங்கள் போனால் "என்னை முழுக விடுகினமில்லை" என்று அழுகிறார். சட்டப்படி என்ன கேட்கலாம்? நடைமுறையில் என்ன செய்யலாம்?

பதில்:

முழுக வேண்டும் என்று அழுகிறவர் ஷவர் அறையில் கத்துகிறார் என்றால், கோளாறு குளிப்பாட்டும் விதத்தில் இருக்கிறது. குடும்பங்கள் வழக்கமாக "இன்னும் ஒரு நாள் கூட்டித் தாருங்கள்" என்றுதான் கேட்கின்றன. உங்கள் அம்மாவுக்கு அதே பின்னேர ஷவரை மூன்றாவது நாளும் கொடுத்தால் மூன்றாவது நாளும் கத்துவார். எத்தனை தரம் என்பதைப் பிறகு பார்க்கலாம். எப்படி, எப்போது, யார் என்பதை முதலில் தீருங்கள்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2021 ஆம் ஆண்டின் நீண்டகாலப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் வந்த 246/22 இலக்க ஒழுங்குவிதியின் 37 ஆம் பிரிவு, ஒவ்வொருவரையும் கிழமைக்குக் குறைந்தது இரண்டு தரம், அவர் தெரிவு செய்யும் முறையில் குளிப்பாட்ட வேண்டும் என்கிறது. தொட்டியா, ஷவரா, உடம்பு முழுவதும் துடைப்பதா என்பது இல்லத்தின் தெரிவல்ல, குளிக்கிறவரின் தெரிவு. உடல்நிலை தடையாக இருந்தால் மட்டும் விதிவிலக்கு. இரண்டு என்பது அடித்தளம். சுகாதாரத் தேவைக்கு ஏற்ப அதைவிடக் கூடவும் கொடுக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. இதற்கு முந்தின பிரிவு பலர் கவனிக்காதது: தனிப்பட்ட சுத்தம் தினமும், ஆளுக்கேற்றபடி செய்யப்பட வேண்டும். ஆகவே முழுக்கு இல்லாத ஐந்து நாளும் காலையில் சுடுதண்ணீரில் மேல் கழுவி, உடுப்பு மாற்றிவிடச் சொல்லிக் கேட்பது சலுகை கேட்பதாகாது. தினமும் குளித்துப் பழகிய ஒருவருக்கு இந்த மேல்கழுவல் ஒழுங்காக நடந்தாலே பாதி அழுகை நின்றுவிடும்.

அந்தத் திங்களும் வியாழனும் எப்படி வந்தது தெரியுமா? பல இல்லங்களில் குளிப்பு அட்டவணை ஆளுக்கு இல்லை, கட்டிலுக்கு. முன்பு அந்தக் கட்டிலில் இருந்தவரின் நாளும் நேரமும் புதிதாக வந்தவருக்கு அப்படியே போய்ச் சேருகிறது. முன்பு இருந்தவர் இரவு குளித்துப் படுத்துப் பழகியவராக இருந்திருக்கலாம். எங்கள் ஊர்ப் பெண்களில் பெரும்பாலானோர் பொழுதுபட்ட பிறகு தலை முழுக மாட்டார்கள். சளி பிடிக்கும், தலைப்பாரம் வரும் என்பது அவர்களுக்கு ஐயமே இல்லாத விடயம். அப்படிப்பட்டவரைப் பின்னேரம் ஏழு மணிக்குக் கூட்டிப்போய், தலையில் தண்ணீரைத் திறந்துவிட்டால் என்ன நடக்கும்? மறதிநோயால் காரணத்தைச் சொல்லத் தெரியாமல் போகும், கை தட்டும். எனவே முதற் கோரிக்கை: குளிப்பைக் காலை ஷிப்டுக்கு மாற்றுவது. காலையில் இடமில்லை என்றால், தலையைக் காலையிலோ பகலிலோ வேறாகக் கழுவிவிட்டுப் பின்னேரம் உடம்பை மட்டும் கழுவுவது. தலையும் உடம்பும் ஒரே நேரத்தில் கழுவப்பட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

அடுத்தது ஷவர் அறை. இல்லம் முழுவதும் 22 பாகை செல்சியஸுக்குக் குறையக் கூடாது என்பது விதி. உடுப்போடு இருப்பவருக்கு அது போதும், ஈர உடம்போடு இருப்பவருக்கு 22 பாகை குளிர். பத்து நிமிடம் முன்பே அறையின் சூடாக்கியைப் போட்டு 26, 27 பாகைக்குக் கொண்டுவர வேண்டும். ஷவர்க் கதிரை பெரும்பாலும் நடுவில் ஓட்டையுள்ள பிளாஸ்ரிக் இருக்கை. சதை வற்றிய வயதானவர் அதில் உள்ளே தாழ்ந்துபோவார். கால் நிலத்தில் படாமல் தொங்கும். விழப்போகிறேன் என்ற பயம் அங்கேதான் தொடங்குகிறது. மெத்தை வைத்த, சின்ன ஓட்டையுள்ள இருக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் துவாயைச் சுருட்டி ஓட்டையைச் சுற்றி வைக்கலாம். பாதத்துக்குப் பலகை கட்டாயம். தொட்டிக்குள் இறக்கும் லிப்ட் கதிரை இன்னொரு பயம்: ஆளை அந்தரத்தில் தூக்கித் தொட்டியின் சுவருக்கு மேலாகக் கொண்டுபோகிறது. உங்கள் அம்மாவுக்குத் தொட்டியைத் தெரிவு செய்யும் முன் அதை ஒருதரம் நேரில் பாருங்கள்.

நோவு இருக்கிறதா என்று பார்க்காமல் "ஆக்ரோஷம்" என்று எழுதுவது பெரிய தவறு. கையைத் தூக்கும்போது முகம் சுளித்தால் தோள்மூட்டு, திரும்பும்போது கத்தினால் இடுப்பு அல்லது முதுகு. குளிப்புக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு அசற்றமினோஃபென் என்ற நோவு மருந்தைக் கொடுக்க மருத்துவர் எழுதித் தரலாமா என்று நேர்ஸிடம் கேளுங்கள். சில பேருக்கு இந்த ஒன்றே எல்லாவற்றையும் மாற்றிவிடும்.

இனி வாளியும் செம்பும். மேலிருந்து முகத்தில் வந்து அடிக்கும் தண்ணீர் கிணற்றடியில் வளர்ந்தவருக்கு அந்நியம். செம்பு தன் கையில் இருந்தால் எப்போது தண்ணீர் விழும், எவ்வளவு விழும், எப்போது கண்ணை மூட வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எழுபது வருடமாகச் செய்த அசைவை, மறதி வந்த பிறகும் கை மறப்பதில்லை. இல்லங்கள் இதற்கு மறுப்புச் சொல்வது அரிது. ஆனால் மூன்று இடத்தில் பிழை வரும்.

முதலாவது சூடு. குளிக்கும் தண்ணீர்க் குழாய்களில் 40 பாகைக்குக் குறையாமலும் 49 பாகைக்கு மேற்படாமலும் தண்ணீர் வர வேண்டும் என்பது ஒன்ராறியோ விதி. 49 பாகைத் தண்ணீர் சில நிமிடங்களில் தோலைச் சுட்டுவிடும். முதியவரின் மெல்லிய தோலுக்கு இன்னும் குறைந்த நேரமே போதும். ஷவரில் ஓடுகிற தண்ணீரைப் பிஎஸ்டபிள்யூ கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். வாளியில் நிரப்பிய தண்ணீரை அப்படி யாரும் பார்ப்பதில்லை. முதலில் குளிர்தண்ணீர், பிறகு சுடுதண்ணீர், கலக்கிவிட்டு வெப்பமானி வைத்து 38 முதல் 40 பாகை. நிரப்பி வைத்துவிட்டு ஆளைக் கூட்டிவரப் போனால் ஆறிவிடும். ஆள் கதிரையில் இருந்த பிறகு நிரப்பட்டும்.

இரண்டாவது பாரம். 10 லீற்றர் வாளி நிறைந்தால் 10 கிலோவுக்கு மேல். அதைத் தூக்கிக் கொண்டுவரச் சொன்னால் இரண்டாம் கிழமையே வாளி மறைந்துவிடும், அதில் பிஎஸ்டபிள்யூவைக் குறைசொல்ல முடியாது. உறுதியான சிறு ஸ்ரூலின் மேல் வாளியை வைத்து, கைஷவர்க் குழாயால் அங்கேயே நிரப்ப வேண்டும். வாளியின் விளிம்பு அம்மாவின் முழங்கால் உயரத்துக்கு இருந்தால் குனியாமல் மொள்ளலாம். செம்பு என்றால் பித்தளைச் செம்பு வேண்டாம். நழுவி விழுந்தால் கால்விரல் போய்விடும். கைபிடி உள்ள, அரை லீற்றர் பிளாஸ்ரிக் குவளை மூட்டுவாதக் கைக்கும் பிடிபடும்.

மூன்றாவது தொற்று. வாளியும் குவளையும் அவருக்கு மட்டும் உரியவையாக இருக்க வேண்டும், பெயர் எழுதியிருக்க வேண்டும், ஒவ்வொரு தரமும் கிருமிநீக்கி போட்டுக் கழுவிக் கவிழ்த்துக் காயவிட வேண்டும். ஷவர் அறையின் பொது அலுமாரியில் வைத்தால் அடுத்த கிழமை வேறு யாருக்காவது பாவனையாகும். அவருடைய அறையிலேயே இருக்கட்டும்.

ஊரில் பெண்கள் குறுக்குக்கட்டோடுதான், அதாவது நெஞ்சுக்கு மேல் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டுதான் குளிப்பார்கள். முழு உடுப்பையும் கழற்றிக் கதிரையில் இருத்துவது உங்கள் அம்மாவுக்கு வாழ்நாளில் நடக்காத ஒன்று. பெற்ற பிள்ளைக்கு முன்னாலும் அப்படி இருந்திருக்க மாட்டார். இதை அங்கே வேலை செய்பவர்களுக்கு யாராவது சொன்னால்தான் தெரியும். பழைய பருத்திச் சேலையை அல்லது சாரத்தை வெட்டி, முழங்கால் அளவுக்கு இரண்டு மூன்று துண்டு தைத்துக் கொடுங்கள். நீளமாக இருந்தால் கதிரைச் சில்லில் சிக்கும். நெஞ்சுப் பக்கம் முடிச்சுக்குப் பதில் வெல்குரோ வைத்தால் கழற்றச் சுலபம். சவர்க்காரம் போடும்போது கை துணிக்குள்ளால் போகும். கடைசிச் செம்பு ஊற்றியதும் உலர்ந்த பெரிய துவாயைத் தோளில் போர்த்தி, அதற்குள்ளால் ஈரத்துணியை அவிழ்த்து எடுக்க வேண்டும். கிணற்றடியில் அவர் செய்ததும் இதுதான். தோலைப் பார்க்க வேண்டும் என்று நேர்ஸ் சொல்வது நியாயம்: மார்புக்குக் கீழ், இடுப்பெலும்பு, குதிக்கால், தொடை மடிப்பு ஆகியவற்றில் புண்ணோ சிவப்போ வந்தால் ஆரம்பத்திலேயே பிடிக்க வேண்டும். அதை ஒவ்வொரு பகுதியாகத் திறந்து பார்க்கலாம்.

ஊற்றும் ஒழுங்கும் முக்கியம். பாதத்தில் தொடங்கி, கால், கை, முதுகு என்று மேலே வந்து, முகமும் தலையும் கடைசி. தலை முதலில் நனைந்தால் மீதி நேரம் முழுவதும் குளிர். சவர்க்காரம் கக்கம், கவட்டுப் பகுதி, பாதம் ஆகியவற்றுக்கு மட்டும் போதும். கனடாவின் மாரியில், சூடாக்கி காயவைத்த காற்றில், உடம்பு முழுக்கச் சவர்க்காரம் தினமும் போட்டால் கால் பாம்புச் செதிள் போலாகி, சொறிந்து புண்ணாகும். ஒற்றித் துடைத்த கையோடு, ஈரம் முழுதும் போகும் முன்பு, வாசனையில்லாத கிறீம் பூச வேண்டும்.

நல்லெண்ணெய் முழுக்கை முற்றாக விடத் தேவையில்லை. ஆனால் ஊரில் போல உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் பூசிக்கொண்டு ஷவர் அறைக்குப் போக முடியாது: நிலம் வழுக்கும், கதிரை வழுக்கும், லிப்ட் பட்டியில் எண்ணெய் ஊறினால் ஆள் நழுவுவார். தலைக்கு மட்டும், ஒரு மேசைக்கரண்டிக்குள், நீங்கள் போகும் நாளில் அவருடைய அறையில் வைத்துப் பூசிச் சீவி, பிளாஸ்ரிக் தொப்பி போட்டு அரை மணிநேரம் விடுங்கள். பிறகு ஷாம்பு இரண்டு தரம். அரப்பும் சீயாக்காயும் கண்ணில் பட்டால் எரியும், அந்த எரிவே அடுத்த தடவை அவர் வர மறுக்கக் காரணமாகும், வடிகாலும் அடைக்கும். எள் ஒவ்வாமை உள்ள ஊழியர்கள் இருக்கலாம், ஆகையால் போத்தலில் என்ன எண்ணெய் என்று ஆங்கிலத்தில் ஒட்டிவிடுங்கள். சாம்பிராணிப் புகையை மறந்துவிடுங்கள். ஒட்சிசன் பாவிப்பவர்கள் இருக்கும் கட்டடம்.

வாளி, செம்பு எல்லாம் செய்தும் ஷவர் அறைக் கதவைக் கண்டாலே நடுங்குகிறார் என்றால், அந்த அறையைச் சில கிழமைகளுக்கு விட்டுவிடுங்கள். துவாய்க் குளிப்பு என்று ஒரு முறை இருக்கிறது. கட்டிலிலேயே, போர்வைக்குள் வைத்துச் செய்வது. இரண்டு மீற்றர் அளவுள்ள பெரிய துவாய் ஒன்றும் சின்னத் துவாய்கள் சிலவும் ஒரு பெரிய பிளாஸ்ரிக் பையில் போடப்படும். 40 முதல் 43 பாகையுள்ள ஏறக்குறைய இரண்டு லீற்றர் தண்ணீரில், கழுவத் தேவையில்லாத திரவச் சவர்க்காரத்தைப் புட்டியில் சொன்ன அளவுக்குக் கலந்து அந்தப் பைக்குள் ஊற்றி, துணி எல்லாம் சமமாக நனையும்வரை பிசைந்து, மிச்சத்தைப் பிழிந்துவிட வேண்டும். சூடான துவாயை ஆளின் மேல் விரித்துக்கொண்டே மேற்போர்வையை விலக்குவது. உடம்பு ஒரு நொடியும் திறந்திருக்காது. பிறகு துவாய்க்கு மேலாலேயே தடவிக் கொடுப்பது, பாதத்திலிருந்து. முகம் கடைசி, அதையும் அவரே துடைக்கலாம். பக்கவாட்டில் திருப்பி, பையில் சூடாக இருக்கும் இன்னொரு துவாயால் முதுகு. கவட்டுப் பகுதிக்கு வேறு துணி, முன்னிருந்து பின்னாக. அலசவும் வேண்டாம், துடைக்கவும் வேண்டாம். இதில் வழக்கமாக வரும் பிழை ஒன்றுதான்: பை திறந்தே கிடந்து துவாய் ஆறிவிடும். ஆறிய ஈரத்துவாய் ஷவரைவிட மோசம்.

இது ஏதோ அரைகுறைக் குளிப்பு என்று நினைக்க வேண்டாம். ஒரிகனிலும் வட கரோலினாவிலும் 15 இல்லங்களில், மறதிநோயுள்ள 73 பேரை வைத்து நடத்தி 2004 இல் வெளியான ஆய்வில், அடித்தல், கிள்ளுதல் போன்ற சம்பவங்கள் ஆளுக்கேற்ப மாற்றிய ஷவரில் 53 சதவீதமும் துவாய்க் குளிப்பில் 60 சதவீதமும் குறைந்தன. தோலின் நிலை இரண்டிலும் மேம்பட்டது. தோலில் நோய்க்கிருமிகள் கூடவில்லை. "எங்களுக்கு நேரமில்லை" என்ற பதில் வந்தால் சொல்வதற்கு இன்னொரு எண்ணும் அதில் உண்டு: மாற்றிய ஷவருக்குச் சராசரியாக 3.3 நிமிடம்தான் கூடச் சென்றது. துவாய்க் குளிப்புக்கு நேரம் கூடவில்லை. இருவர் பிடித்துக்கொண்டு ஒருவர் கழுவும் போராட்டத்துக்கு எவ்வளவு நேரமும் எத்தனை ஆளும் போகிறது என்பதை அந்த வேலை செய்பவர்களே அறிவார்கள்.

யார் குளிப்பாட்டுவது என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பெண் ஊழியர்தான் வேண்டும் என்றால் "விருப்பம்" என்று மட்டும் எழுதாமல், ஆண் ஊழியர் மட்டும் வேலையில் இருக்கும் நாளில் என்ன செய்வது என்றும் எழுத வேண்டும்: குளிப்பை அடுத்த நாளுக்குத் தள்ளுவதா, பக்கத்துப் பகுதியிலிருந்து பெண்ணை மாற்றிக் கேட்பதா. இந்த இரண்டாவது வரி இல்லாத திட்டம் சனி, ஞாயிறில் முறியும்.

மொழிக்கு ஒரு அட்டை. தமிழ் தெரியாத பிஎஸ்டபிள்யூ வாசிக்கக்கூடியபடி ஆங்கில எழுத்தில் ஐந்தே வசனம் எழுதி, அறைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள்: "அம்மா, தண்ணி வார்ப்பமோ?", "சூடு காணுமோ?", "கால் கழுவுறன்", "கண்ணை மூடுங்கோ", "முடிஞ்சுது". "குளிக்கப் போறீங்களா?" என்று கேட்க வேண்டாம், மறதி உள்ளவர் "இல்லை" என்று விட்டால் அதோடு கதை முடிந்தது. செம்பைக் கையில் கொடுத்து "தண்ணி வார்ப்பமோ" என்றால் அது வேலையின் தொடக்கம்.

ஆண்டு முழுவதுக்கும் சில நாள்களை முன்கூட்டியே குறித்துக் கொடுங்கள். சித்திரை வருடப்பிறப்பில் மருத்துநீர் (மூலிகைகள் போட்டுக் காய்ச்சிய நீர்) வைத்து முழுக வேண்டும். கோயிலில் வாங்கி நீங்கள் கொண்டுபோனால், தலையில் விரலால் தொட்டு வைத்து, அன்றைய காலைக் குளிப்போடு சேர்க்கலாம். தீபாவளி இன்னொன்று. செத்தவீட்டுக்குக் கூட்டிப்போய் வந்தால் முழுகாமல் சாப்பிடமாட்டார் என்றால், அன்று பின்னேரமானாலும் ஒரு குளிப்பு வேண்டும் என்று திட்டத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் இரவு முழுக்கத் தூங்காமல் இருப்பார். காரணம் யாருக்கும் விளங்காது.

இதையெல்லாம் வாயால் சொன்னால் ஒரு ஷிப்டோடு போய்விடும். புதிதாக வந்தவருக்கு 21 நாளுக்குள் பராமரிப்புத் திட்டம் எழுதப்பட வேண்டும், ஆறு கிழமைக்குள் கேர் கொன்பரன்ஸ் (பராமரிப்பைப் பற்றி ஊழியர்களும் குடும்பமும் கூடிப் பேசும் கூட்டம்) நடக்க வேண்டும், பிறகு வருடம் ஒருமுறை. அந்தத் தேதிவரை காத்திருக்க வேண்டியதில்லை. திட்டத்தில் உள்ளது பலன் தரவில்லை என்றால் மீளாய்வு செய்து வேறு வழிகளைப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். "மறுத்தார்" என்று வரிசையாக விழும் பதிவே பலன் தரவில்லை என்பதற்குச் சாட்சி. சட்டப்படி உங்கள் அம்மாவுக்கான முடிவை எடுப்பவர் நீங்கள் என்றால், கடந்த 30 நாள் குளிப்புப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். எந்த நாள், எந்த நேரம், யார் வேலையில் இருந்தார் என்று பாருங்கள். ஒரு குறிப்பிட்ட ஊழியரின் நாளில் மட்டும் குளித்திருக்கிறார் என்று தெரிந்தால், அவர் என்ன செய்கிறார் என்று கேட்டு அதையே எழுதச் சொல்லுங்கள்.

திட்டத்தில் "ஷவர் விருப்பம்" என்ற இரண்டு சொல் இருந்தால் அது திட்டமே இல்லை. இந்த அளவுக்கு இருக்க வேண்டும், ஆங்கிலத்தில் எழுதிக் கொடுங்கள்: "செவ்வாய், சனி, காலை 9 முதல் 11 மணிக்குள். பெண் ஊழியர். அரை மணிநேரம் முன் நோவு மருந்து. சொந்த வாளி, சொந்தக் குவளை, தண்ணீர் 38–40 பாகை. ஷவர்த் தலையால் முகத்திலோ தலையிலோ பாய்ச்ச வேண்டாம். குளிப்புத் துணி உடம்பில் இருக்கட்டும். பாதத்திலிருந்து தொடங்கவும், தலை கடைசி. குவளையை அவர் கையில் கொடுக்கவும். இரண்டு தரம் கேட்டும் வரவில்லை என்றால் 30 நிமிடம் விட்டுக் கேட்கவும். பிறகும் இல்லை என்றால் துவாய்க் குளிப்பு. பிடித்து வைத்துக் கழுவ வேண்டாம். மற்ற நாள்களில் காலை மேல்கழுவல்." மலசலம் போன பின் கழுவுவது இந்தத் தெரிவுகளுக்குள் வராது, ஒவ்வொரு தரமும் உடனே செய்ய வேண்டியது, இல்லாவிட்டால் ஓரிரு நாளில் தோல் உரியும். அதற்கு அவர் எதிர்த்தாலும் விதத்தை மாற்றலாம், நேரத்தைத் தள்ள முடியாது.

கொஞ்சம் கசப்பான ஒன்றும் இருக்கிறது. பிள்ளைகளின் விருப்பம் அம்மாவின் விருப்பம் என்ற பெயரில் திட்டத்துக்குள் நுழைவது சாதாரணம். "எங்கட ஆக்கள் தினமும் முழுகிறவை" என்று அழுத்திச் சொல்லி, இப்போது தண்ணீரே பிடிக்காமல் போன ஒருவரைத் தினமும் நனைக்க வைக்கும் குடும்பங்கள் உண்டு. நாற்பது வருடம் தொழிற்சாலை வேலை முடித்து இரவில் ஷவர் எடுத்துப் பழகிய அப்பாவுக்கு வாளியும் செம்பும் எதற்கு? முன்பு என்ன பிடித்தது என்பது தொடங்குவதற்கான தகவல். இன்றைக்கு அவர் முகம் என்ன சொல்கிறது என்பதுதான் முடிவு.

நீங்களே குளிப்பாட்ட விரும்பினால் தடையில்லை, ஆனால் முதலில் நேர்ஸிடம் சொல்லி, தூக்கி இருத்தும் முறையைப் பழகுங்கள். லிப்ட் தேவைப்படுபவரை நீங்கள் தனியாக அசைக்கக் கூடாது; இருத்துவதை ஊழியர்கள் செய்யட்டும், ஊற்றுவதை நீங்கள் செய்யலாம்.

எழுதிக் கொடுத்தும் இரண்டு மூன்று கிழமையில் அசைவில்லை என்றால், பராமரிப்புப் பணிப்பாளருக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். 10 வேலைநாளுக்குள் பதில் தர வேண்டும். அதில் 37 ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள், நாள், நேரத்தோடு நடந்ததை எழுதுங்கள், ஊழியரின் குணத்தைப் பற்றி எழுத வேண்டாம். பதில் திருப்தி இல்லை என்றால் மாகாணத்தின் நீண்டகாலப் பராமரிப்பு உதவி இலக்கம் 1-866-434-0144. அதற்குப் பிறகும் வழியில்லை என்றால் ஒன்ராறியோ நோயாளர் குறைகேள் அதிகாரி அலுவலகம் இருக்கிறது. பெரும்பாலான விடயங்கள் அவ்வளவு தூரம் போவதில்லை. பெயர் எழுதிய வாளியும் ஒரு பக்கத் தாளும் கொண்டு நேர்ஸ் மேசைக்குப் போனதோடு தீர்ந்துவிடும்.